இரண்டாவது ஹெட்மாஸ்டர்

"சார், ரெண்டாவது ஹெட்மாஸ்டரோட பொண்ணு வந்துக்கினு இருக்காங்களாம். பேப்பர்ல விழா சேதி படிச்சிட்டு, வாலாஜாபாத்லேர்ந்து பஸ் ஏறிட்டாங்களாம்" என்று மூச்சிரைக்க ஓடிவந்தார் பியூன் கைலாசம்.

டிராயிங் மாஸ்டர் ரிஷபதாஸ் கையிலிருந்த தோரணம் நழுவிக் கீழே விழுந்தது.

1907-ல் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு அன்று வைர விழா. வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. பத்து மணிக்கு மந்திரி வருகிறார். வந்ததும் முதல் வேலை, ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கும் ஒன்பது ஹெட்மாஸ்டர்களின் படங்களுக்கும் மாலை போடுவது.

அந்த ஒன்பதில் இரண்டாவதுதான் வில்லங்கம். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று, காமிராவைக் கண்டாலே எழுந்து போய்விடுவாராம் வேதாசலம். அவரிடம் படித்த கிழவர்களைத் தேடி, ரிஷபதாஸ் நெசவாளர் வீடுகளில் தறி தறியாக ஏறி இறங்கினார். மீசை உண்டு என்றார் ஒருவர். இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். வாரிசு யாரும் இல்லை என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

கடைசியில் கைலாசத்தை ஸ்டூலில் உட்காரவைத்து, தலைப்பாகை கட்டி, மூக்குக்கண்ணாடி மாட்டி வரைந்துவிட்டார். பழைய மாணவர் வீட்டில் கிடைத்த போட்டோவைப் பார்த்து வரைந்ததாகக் கமிட்டியிடம் ஒரு புளுகு. எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

இப்போது பெற்ற மகளே வருகிறாள். பார்த்த மாத்திரத்தில் குட்டு உடைந்துவிடும். மந்திரி முன்னால் மானம் போகும், கூடவே வேலையும்.

"படத்தைக் கழட்டிடலாமா சார்?"

"எட்டுதான் இருக்குதுன்னு கமிட்டி கேட்டா என்னா சொல்றது? நீ மொதல்ல அந்தம்மா கண்ணுல படாம லேபுல போய் ஒக்காரு."

"மாலைத் தட்டை யாரு சார் புடிக்கிறது?"

"அது கெடக்குது, போப்பா."

கைலாசம் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் சாமுவேல் ஓர் அம்மாளை அழைத்துக்கொண்டு வந்தார். அரக்குப் பட்டு, நரைத்த தலை.

"இவங்கதான் ரேணுகாம்பாள். அம்மா, உங்கப்பா படத்தை வரைஞ்சவரு இவருதான்."

அந்த அம்மாள் படத்தின் முன் போய் நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ரிஷபதாஸ் லேப் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

திடீரென்று அவள் கண்களிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ரிஷபதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தற்செயலாகவே கோடு சரியாக விழுந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பொங்கியது. வாசலில் மந்திரியின் கார் வந்து நின்றது.

"அச்சு அசலா அப்பிடியே இருக்காராம்மா?" என்று சாமுவேல் பூரிப்போடு கேட்டார்.

அவள் திரும்பி வந்து ரிஷபதாஸின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்? அவரு செத்துப் போறப்ப நான் எங்கம்மா வயித்துல இருந்தேன். அம்பது வருஷமா கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்து, இப்பிடி இருந்திருப்பாரோ, அப்பிடி இருந்திருப்பாரோன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் எங்கப்பாவைப் பாக்குறேன்."