மருந்தே தொடாதவள்

முப்பத்தொரு மணி நேரமாக மருமகள் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு நாள்தான். புதுப்பெண்ணின் வீம்பு என்றே மாமியார் முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்தபோதுதான் உடம்பு அனலாகக் கொதித்தது. மடக்க வராமல் கை கட்டையாய் விறைத்திருந்தது.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பொட்டலங்கள்.

"முதுகுத்தண்டு நீர்ல கிருமி எதுவும் இல்ல," என்றார் டாக்டர். "சில மருந்துங்க ஒத்துக்கலன்னா இப்படி விறைப்பும் காய்ச்சலும் வரும். தசை கரைஞ்சு கிட்னிய அடைக்க ஆரம்பிச்சிடுச்சு. எந்த மருந்துன்னு தெரியாம மாத்து மருந்து கொடுத்தா அதுவே ஆபத்து. என்ன சாப்பிட்டாங்க?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டா என் பொண்ணு," என்றாள் சம்பந்தி. "இவங்க வீட்டுலதான் என்னத்தையோ..."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க சம்பந்தி. அவளுக்கு ஒரு மாத்திரைகூட நான் கொடுக்கல." மாமியார் அறிந்தவரை அது உண்மைதான்.

மகன் மூலையில் நின்றிருந்தான். ஐந்து நாளாகக் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

"அம்மா, அந்த நர்ஸ் நாம பேசறதயெல்லாம் எழுதி வெச்சுக்கறா," என்று முணுமுணுத்தான்.

"பெண்டாட்டி மேல அவ்வளவு உசுரு, பாவம்," என்று சம்பந்தியே உச்சுக்கொட்டினாள். மாமியார் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் அவனிடம் திரும்பினார். "கஷாயம், சத்துப்பொடி, வேற ஏதாவது?"

"இல்ல டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்." தயங்கினான். "காலைல அம்மா எனக்குன்னு தனியா ஒரு டீ போடுவாங்க. அதக் குடிச்சா நாள் பூரா மந்தமா இருக்கும். வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. அதனால, கல்யாணத்துக்கப்புறம் அத இவதான் குடிக்கிறா. அம்மாவுக்குத் தெரியாது."

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். எதிரிலேயே சம்பந்தி. சொன்னால், பொத்திப் பொத்தி மறைத்ததெல்லாம் சந்தி சிரிக்கும். மகனின் வாழ்க்கை அத்தோடு போச்சு. சொல்லாவிட்டால்...

கட்டிலில் மருமகளின் விறைத்த விரல்கள் நடுங்கின. மானிட்டர் அலறத் தொடங்கியது.

மாமியார் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா அந்த டீயிலதான் டாக்டர், என் பையனோட மனநோய்க்கு மருந்து கலக்கறேன்!"