ஏரிக்குள் ஒரு புள்ளி

ஜன்னல்களைச் சாத்திய வகுப்பில் தொடுதிரை மட்டும் ஒளிர்கிறது. ஊர் வரைபடத்தில் பிள்ளைகள் தத்தம் வீட்டைத் தொட்டு வைத்த சிவப்புப் புள்ளிகள். போன வாரம் சேர்ந்த சிறுமியின் விரல் திரைக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்கிறது. "சட்டுனு தொடும்மா. தொட்டதுமே இந்த மேப் அப்படியே உங்கப்பா போனுக்குப் போயிடும்," என்கிறார் டீச்சர். விரல் விலகி ஏரியின் நடுவில் குத்துகிறது. வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. "தண்ணிக்குள்ளயா குடியிருக்கீங்க?" என்கிறான் ஒரு பையன். சிறுமி டீச்சரின் காதருகே சொல்கிறாள்: "நாங்க எங்க இருக்கோம்னு அப்பாவுக்குத் தெரியக் கூடாது மிஸ். தெரிஞ்சா அம்மாவை உயிரோட விடமாட்டாரு." பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்து அப்பாவின் போன் எண்ணைப் பட்டியலில் ஏற்றியது டீச்சர்தான். ஏரிக்குள் புள்ளி மினுங்குகிறது. திரையின் உச்சியில், கொட்டை எழுத்தில் இருக்கும் பள்ளியின் பெயருக்குக் கீழே, ‘அனுப்பப்பட்டது’ என்று தோன்றுகிறது.