பாப்பாவுக்கு ஒரு கெட்டியான கார்

சிங்காரவேலு கார்க் கதவைத் தேங்காய் தட்டுவதுபோல விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

கார் பிழைத்தது.

இதற்கு முன்னால் பார்த்தவை பிழைக்கவில்லை. ஒன்றின் கதவு வெறும் தகரம். இன்னொன்றில் காற்றுப்பை முன்னால் மட்டும்தான். சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த காந்தத்தை ஒவ்வொரு காரின் விலாவிலும் வைத்துப் பார்த்தார். அடிபட்டுப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாதாம், வீடியோவில் சொன்னார்கள். ஒரு வெள்ளைக் காரில் அது நழுவி விழுந்ததும், கொலைகாரனைப் பார்ப்பதுபோல அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்.

பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில் பழைய கார் விற்கும் அய்யாக்கண்ணு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். வந்திருப்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் மேடை போட்டு ஊருக்கே ஹெல்மெட் கொடுத்தவர். ஒவ்வொரு ஹெல்மெட்டின் நெற்றியிலும் சிங்காரவேலு கைகூப்பிச் சிரிப்பார்.

"பாட்டு பாடுறது, கூரை தொறக்குறது எல்லாம் யாருக்குய்யா வேணும்? பாதுகாப்பு வேணும். அஞ்சு ஸ்டார் வண்டிதானே? மோத வச்சுப் பாத்திருக்கானா?"

"பாத்திருக்காங்கண்ணே. சுவத்துல கொண்டுபோயி மோதியே காட்டுறான்."

"சுவரு சும்மா நிக்கும்யா. டிப்பர் நிக்குமா?"

அய்யாக்கண்ணு அடுத்த பக்கத்துக் கதவையும் திறந்து காட்டினார்.

கார், மகள் சண்முகப்பிரியாவுக்கு. உடையார்பாளையத்தில் டீச்சர். தினமும் அரியலூரிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருகிறவள். போன வாரம் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு பறந்த டிப்பர் ஒன்று உரசியதில், வண்டியோடு பள்ளத்தில் கிடந்தாள். இடது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது.

டிப்பர் நிற்கவில்லை.

ஒரே பெண். அன்றிலிருந்து சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. அதில் நடிப்பு எதுவும் இல்லை.

"மனுசனுங்களா அவனுங்க? எவன் பெத்த புள்ளையோன்னு ஒரு நெனப்பு வேணாம்? பள்ளத்துல தள்ளிப்புட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போறான்யா!"

அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் ஆட்டினார்.

சிங்காரவேலு மகளை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார். கைக்கட்டு இடிபடாமல் தானே பெல்ட்டை மாட்டிவிட்டார். கதவைச் சாத்தினார். தொம்மென்ற அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு வாரத் தூக்கம் திரும்பி வந்தது.

"எப்புடிம்மா? கோட்டை மாதிரி இல்ல?"

சண்முகப்பிரியா கண்ணாடியை இறக்கினாள்.

"நம்ம வண்டி இடிச்சாலும் தாங்குமாப்பா?"

அய்யாக்கண்ணு ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த பானெட்டை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

சிங்காரவேலுவுக்குச் சொந்தமாகப் பதினான்கு டிப்பர்கள். அடுத்தவனைவிட ஒரு நடை லோடு குறைத்து அடிக்கும் டிரைவருக்கு மறுநாள் வண்டி கிடையாது.

"அன்னிக்கு... நம்மளுதா பாப்பா?"

"பின்னாடி உங்க போட்டோ இருந்துச்சுப்பா. பள்ளத்துல கிடந்து பாத்தேன். கும்புட்டுக்கிட்டே போனீங்க."

சிங்காரவேலு கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டார். முகம் ஒரு கணம் கிழவன் முகமாகிவிட்டது. மகளின் கட்டுப் போட்ட கையைத் தொடப் போய், தொடாமல் இழுத்துக்கொண்டார்.

பிறகு முகம் தெளிந்தது. வழி கிடைத்துவிட்டது.

செல்போனை எடுத்தார். காரைச் சுற்றி முன்னால் வந்து நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தார். டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டுவிட்டு, மேடையில் பேசும் அதே குரலில் பேசி அனுப்பினார்.

"டிரைவருங்க எல்லாரும் கேட்டுக்குங்க. இது நம்ம பாப்பா காரு. இந்த நம்பர் எதுக்க வந்தா மட்டும் நிதானமா போங்க. அதுக்காக நடை குறையக் கூடாது."

கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அதை மகளிடம் காட்டினார். கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது.

"எந்தக் கம்பெனிக்காரன் குடுப்பாம்மா இந்தப் பாதுகாப்ப?"

சண்முகப்பிரியா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ஓரமாக நிறுத்தியிருந்த தன் பைக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, அய்யாக்கண்ணு தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நானும் இந்த ரோட்டுலதான் வூட்டுக்குப் போவணும். அப்புடியே என் பைக்கு நம்பரையும் சேத்துப் போட்டு வுட்டுடுங்களேன்."