செத்துப்போன றப்பர்

"காக்கா, றப்பர் வந்திட்டா?"

ஓட்டமாவடியில் மஜீட் காக்காவின் மோட்டார் சாமான் கடைக்குள் யோகராசா நுழைந்தால், முதல் வார்த்தை இதுதான். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

"வந்திரிக்கி ஓவசியரே. கப்பல் நம்மட வாவிக்குள்ளதான் நங்கூரம் போட்டுக் கிடக்கு. நீந்திப் போய் எடுங்க!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீர்ப்பாசன ஓவசியராக இருந்து ஓய்வு பெற்ற யோகராசா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கறுத்த றப்பர் துண்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். அது பிட்டுப் போல உதிர்ந்தது.

"பாருங்க. பழசெல்லாம் செத்துப்போச்சு. ஒண்டுக்கும் உதவாது. புதுசு வேணும்."

அவரிடம் கூரை மடக்கும் மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. ஒரு வாடிவீட்டின் பின்வளவில் கோழிகள் அடைந்து கிடந்ததை வாங்கி, தகரம் தட்டி, பச்சை வர்ணம் பூசி, படங்குத் துணியில் கூரையும் தைத்துவிட்டார். மிச்சம் றப்பர் சாமான்கள்தான். பிறேக்குக்குக் கப், றேடியேட்டருக்குத் தண்ணிக் குழாய், கூரை ஓரத்துக்கு பீடிங். அவை இல்லாமல் கார் ஓடாது. ஓடினாலும் நிற்காது.

ஓடாமல் கிடந்ததால்தான் அது இன்னும் அவருடைய வளவில் கிடந்தது. சண்டை நடந்த அந்த வருடம் ஆமி எடுக்காத வாகனத்தை ஏதாவது ஓர் ஆயுத இயக்கம் எடுத்தது. பக்கத்து வளவு வினாயகமூர்த்தி தன் ட்ரக்டருக்குப் பதிலாக, 'விடுதலை கிடைத்ததும் திருப்பித் தரப்படும்' என்று எழுதிய துண்டு ஒன்றைப் பெற்று, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மழை பெய்தால் வயல் உழ அந்தத் துண்டைத்தான் அவர் கட்டி இழுக்க வேண்டும்.

இது தெரிந்தும் கிழமைக்கு ஒரு தடவை றப்பர் தேடி அலையும் யோகராசாவைப் பார்த்து அவருடைய ஊரான கல்குடாவே சிரித்தது.

"காரைத் திருத்தி, கழுவி, மாலை போட்டு அவனுகளுக்குக் குடுக்கப் போறீங்களா ஓவசியரே?" என்றார் மஜீட்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வேறு யாருடையதோ. இயக்கத்தின் ஊர்ப் பொறுப்பாளன் இறங்கி வந்தான். இருபது வயதிருக்கும். சிரித்தவர்கள் எல்லோரும் சாமான்களின் விலையை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"என்ன ஐயா, இன்னும் றப்பர் கிடைக்கல்லயா?"

"எங்க தம்பி! உங்களுக்காகத்தானே நாயா அலையிறன். பழசெல்லாம் செத்துப்போச்சு."

"எங்கட கூட்டம் கிட்ட வந்திட்டு. உங்கட கார்ல கூரைய மடக்கிப்போட்டு, நான் நிண்டு கை காட்டிக்கொண்டு வரவேணும். சனம் எதிர்பாக்குது."

"பாக்காமலா தம்பி! நானே பாத்துக்கொண்டுதானே இருக்கன்."

மஜீட் கனைத்தார். "ரெண்டு பேரும் அழாதீங்க" என்று குனிந்து, ஒரு சாக்கை இழுத்து வெளியே போட்டார். "நேத்துத்தான் கையில வந்திச்சு. எங்கால எண்டு மட்டும் கேக்கப்படாது. வியாபார ரகசியம்."

பால் ரின்னுக்குள் பிறேக் கப்புகள். தண்ணிக் குழாய். சாரைப்பாம்பு போலச் சுருண்ட பீடிங்.

"முழு செட்டும் இரிக்கி. பீடிங்ல ஒரு இடம் கிழிஞ்சிரிக்கி. எவனோ ஒரு மடையன் நீல வலை நூலால தைச்சிரிக்கான். ஆனா தையல் சோக்கு!"

யோகராசா அந்த நீலத் தையலையே பார்த்தார். கை நீளவில்லை.

"இது... வேற மாடல் போலக் கிடக்கு, காக்கா."

"மொறிஸ் மைனர்ர சாமான், ஓவசியரே! எனக்கா படிச்சுத் தாறீங்க?"

"அதோட இதுவும் பழசு. செத்தது."

மஜீட் பீடிங்கை இழுத்து அவருடைய கையில் சுண்டிவிட்டார். யோகராசா துள்ளினார்.

"செத்ததா? உங்கள விட உசாரா இரிக்கி!"

பொறுப்பாளனே சிரித்துவிட்டான். அதனால் மற்றவர்களும் சிரிக்கலாம் என்றாயிற்று.

"இப்பவே போட்டுப் பாப்பம். ஏறுங்க ஐயா."

மெக்கானிக் ஒருவனையும் பிடித்துக்கொண்டு கல்குடாவுக்குப் போனார்கள். மஜீட்டும் பெருமை தாங்காமல் பின்னால் வந்தார். றப்பர் ஒவ்வொன்றும் தன் இடம் தெரிந்ததுபோல் போய் உட்கார்ந்தது. பொழுது சாயுமுன் கார் இருமியது. பிறகு ஓடியது. பிறேக் போட்டதும் நின்றது.

பொறுப்பாளன் துண்டு எழுதி யோகராசாவின் கையில் வைத்தான். மெக்கானிக் கார் ஓட்ட, கூரையை மடக்கிவிட்டுப் பின் சீற்றில் ஏறி நின்றான். பழகிப் பார்ப்பதற்காக வேலியோரக் கோழிகளுக்குக் கை காட்டிக்கொண்டே போனான்.

மஜீட் யோகராசாவின் தோளில் தட்டினார். "எப்படியோ உங்கட ஆசை நிறைவேறிட்டு, ஓவசியரே!"

எல்லோரும் போனபின் யோகராசா குசினி வாசலில் துண்டும் கையுமாகக் குந்தினார். மனைவி சின்னத்தங்கம் சோற்றுச் சட்டியை முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"போனாப் போகட்டும். நாம உசிரோட இருக்கம்தானே. சாப்பிடுங்க."

சட்டி பளபளத்தது. அதில் அவருடைய முகம் கோணலாகத் தெரிந்தது.

"இது எங்கால சட்டி, புள்ள?"

"முந்தநாள் பழைய சாமான்காரன் வந்தான். விதைநெல்லு மூட்டைக்குள்ள நீங்க சீலையில சுத்திப் புதைச்சு வச்சிருந்த கார் றப்பரையெல்லாம் குடுத்து மாத்தினன்" என்றாள் சின்னத்தங்கம். "பழசு ஒண்டுக்கும் உதவாதெண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்க?"