உயிலில் நாலாவது பெண்

கொள்ளுத்தாத்தாவின் மூன்றாவது கல்யாணப் பதிவு கிடைத்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டிக்கொண்டது அந்தக் கிழவர், மாப்பிள்ளைக் களை இவர் முகத்தில்.

"இந்தக் கல்யாணத்துக்கு வெள்ளைக்காரத் துரையே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கான், பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். பென்சிலைச் சீவி, மேசையை அடைத்துக் கிடந்த பெரிய தாளில் மூன்றாவது வட்டத்தைப் போட்டேன். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. சட்டம் வகுத்தது இவர், எழுதுவது நான். இவர் எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

ஆவணக் காப்பகத்தில் ஜன்னலோர மேசை எங்களுடையது. பத்திரங்களைப் பிரித்தால் தூசியில் இவருக்குத் தும்மல் வரும். கைக்குட்டை என் மடியில் தயாராக இருக்கும். வாசிப்பதும் நான்தான். புள்ளி வைக்காத அந்தக் காலத்து எழுத்து இவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

டீ வாங்கப் போகும் பியூன் வழக்கம்போல எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை போடலாமாம்மா?"

"வேண்டாம், அவருக்கு ஆகாது" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு அலாதி சந்தோஷம். இந்த மாதிரிக் கேள்விகள் மட்டும் இவர் காதில் விழுவதில்லை.

வேலை முடிந்ததும் இந்தத் தாளை அச்சடித்து உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கொடுக்கப் போகிறார். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். அதில் எனக்கும் ஒரு வட்டம் வேண்டும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் எங்கள் தலைமுறைக்கான கடைசி வரிசை மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது. அதை வீட்டில் போய்த் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்கிறார்.

மூன்று மனைவிகளையும் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. மூத்தவளுக்குக் கல்வீடு, இரண்டாமவளுக்கு ஆற்றோரத் தோப்பு, மூன்றாமவளுக்குக் கடைத்தெருவில் வரிசையாகக் கடைகள். எல்லாம் உயிலில் இருக்கிறது. பத்திரத்துக்குப் பத்திரம் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று முழுப் பட்டத்தோடு வருகிறார்கள் மகராசிகள். மண்ணோடு மண்ணான பிறகும் ஒருத்தியுடைய பட்டமும் பறிபோகவில்லை. வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். உயிலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் நாலாவதாக ஒருத்தி.

மகள், மனைவி என்று அவளுக்கு எதுவும் போடவில்லை. வெறும் பேர் மட்டும். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"நெடுங்காலமாய் என்னோடிருந்து என் நல்லது கெட்டதுகளைப் பார்த்துக்கொண்டவளும் என் பிரியத்துக்குரியவளுமாகிய இவளுக்குக் கிணற்றடி நிலமும் அதிலுள்ள வீடும் சேர வேண்டியது. இதை என் மனைவிமாரோ மக்களோ ஆட்சேபிக்கக் கூடாது."

சாட்சிகளில் ஒருவர் கிழவரின் மூத்த மகன். மூன்று மனைவிகளுக்கும் சொத்து இருந்தது. பிரியம் என்கிற சொல் இவளுக்கு மட்டும்தான் இருந்தது.

நல்லது கெட்டது பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, இருமல், காரணமில்லாத மூஞ்சித் தூக்கல். அதையெல்லாம் ஒரு மனுஷன் சாட்சி வைத்து எழுதிக் கொடுப்பான் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. கல்வீட்டுக்காரியைப் பார்த்துக்கூட இப்படி எரிந்ததில்லை.

வாசித்துக் காட்டினேன். இவர் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"கிழவன் பலே ஆளுதான். ஆனா இவ நம்ம வம்சத்துல வரமாட்டா. விட்டுடு."

விட்டுவிட்டேன். மனசாரத்தான் விட்டேன். நிலம் கிடைத்தது, வீடு கிடைத்தது, பிரியமும் எழுத்தில் கிடைத்தது. தாளிலும் இடம் வேண்டுமாக்கும் மகாராணிக்கு.

அப்போது இவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஆமா, காப்பகத்துலதான். கூட யாரும் இல்ல, நான் மட்டும்தான் உக்காந்து எழுதிட்டிருக்கேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் குழைந்தது. "உன் பேர் இல்லாமயா? என் பேருக்குப் பக்கத்துலயே போடறேன், போதுமா?"

மறுமுனையில் இவருடைய வீட்டுக்காரம்மா.

தூசி ஏறி எனக்குத் தும்மல் வந்தது. இவருடைய கைக்குட்டையாலேயே மூக்கை அழுத்தி, சத்தம் போகாமல் அடக்கிக்கொண்டேன். இத்தனை காலத்தில் அது நன்றாகவே பழகிவிட்டது.

உயில் இன்னும் என் முன்னால் விரிந்தே கிடந்தது. அந்தக் கிழவர் இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு யாருக்கும் முதுகைக் காட்டிப் பேசவில்லை. பெற்ற மகனையே கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

பென்சிலை வைத்துவிட்டு, என் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தேன். கிழவரின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். எந்தக் கோட்டால் சேர்ப்பது என்று தெரியவில்லை. அதற்கு இவர் சட்டம் எதுவும் வகுத்திருக்கவில்லை. கோடில்லாமலே விட்டு, நடுவில் அவள் பேரை எழுதினேன். மை காயும்வரை தாளை ஊதினேன்.

பேசி முடித்து வந்தவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் ரப்பரைத் தேட ஆரம்பித்தார்.

நானே எடுத்துக் கொடுத்தேன்.