சேர்க்காத பொடி

தாஷ்கண்ட் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், திரைச்சீலைக் கிழிசல் வழியே பிற்பகல் வெயில் சனோபரின் கழுத்தில் விழுகிறது. அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் உருகிய பிளாஸ்டிக் கலவை ஆறிக்கொண்டிருக்கிறது. எதுவும் சேர்க்காத கலவை. இதில் படிகங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரிய பூக்களாக, நிதானமாக விரிய வேண்டும். டால்க் பொடி சேர்த்தால்தான் ஒரே சமயத்தில் ஆயிரம் புள்ளிகள் முளைத்து ஒன்றையொன்று நெருக்கும். ஆனால் இதோ, மறுபடியும் உப்பைக் கொட்டியது போலப் புள்ளிகள். பதினேழாவது தடவை. "அக்கா, ஆறு மாசமா இப்படி முறைச்சா அது எப்படிப் பூக்கும்?" எதிர் மேசையில் முலாம்பழம் அறுக்கும் பஹ்ரோம் சிரிக்கிறான். "பொடி போட்டதும் போடாததும் ஒரே மாதிரி இருந்தா, நான் என்னத்த எழுதுறது தம்பி?" அவள் கையுறைகளை விரல் விரலாக உருவிப் போடுகிறாள். குறைவாக ஊற்றுவதே மரியாதை என்கிற அந்த ஊர் வழக்கப்படி, அவன் கால் கிண்ணம் மட்டும் தேநீர் ஊற்றித் தருகிறான். ஒரு மிடறு குடித்துக் கீழே வைக்கிறாள். நீலக் கிண்ணத்தில் வெள்ளையாக மூன்று விரல் தடம். அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "பஹ்ரோம், இந்தக் கையுறைக்குள்ள என்ன தூவியிருக்கு?" "பழைய சரக்கு அக்கா. கை ஒட்டாம இருக்க டால்க்தான்..." கத்தி பழத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மேசையடிக் கூடையில் உருவிப்போட்ட கையுறைகள் விளிம்புவரை கிடக்கின்றன. சனோபர் மெல்ல உட்காருகிறாள். "சுத்தமா இருக்கணும்னு ஒவ்வொரு தகட்டுக்கும் புதுசு உதறி மாட்டினேன்பா."