பச்சை நூல்

ஜனவரி 12, திங்கள்.
சிறு தவறு ஒன்று. அரிசிப் பைகளுக்கு இரண்டு நிறத்தில் நூல் கட்டிவிட்டேன்.

எழுதியதை அவள் ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

‘சிறு’ என்பதை அடித்தாள்.

மாலை வகுப்புப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் மட்டும்தான். வராந்தாவில் துணிப் பதாகை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ‘சமத்துவப் பொங்கல் விழா.’ விழா நாளைக்கு.

வீட்டுக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி. ஊரிலுள்ள எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் பொங்க வேண்டும். அது அவளுடைய யோசனைதான். மிச்சமான சீருடைத் துணியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பைகள் தைத்தாள். எத்தனை வீட்டிலிருந்து வந்தது, எத்தனை வீடு பாக்கி என்று எண்ண வசதியாக இருக்கட்டும் என்று, வந்த பைகளுக்கு நூல் கட்டினாள்.

மேலத்தெருவுக்கு மஞ்சள். காலனிக்குப் பச்சை.

காலையில் எல்லாம் ஒரே கூடையில்தான் இருந்தன.

சாயங்காலம் வகுப்பெடுக்க வந்தபோது கூடை காலி. மஞ்சள் நூல் பைகள் பெரிய பித்தளைப் பானைக்குள் இருந்தன. பச்சை நூல் பைகள் மூலையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அலுமினியப் பானையில்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி விசாலாட்சி வராந்தாவில் கோலப்பொடிக்குச் சாயம் கலந்துகொண்டிருந்தார். அவளுக்கு அத்தை முறை. அடுத்த வீடு.

“எதுக்கு அத்த ரெண்டு பானை?”

“ஒண்ணு பத்தாதுடி. ஊரே வருதுல்ல.”

“அப்ப எல்லாத்தையும் கலந்து ரெண்டுலயும் போடலாமே.”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நல்லா கேட்ட போ. நீதானடி நூலக் கட்டிப் பிரிச்சுக் குடுத்த. எங்களுக்கு வேல மிச்சம். படிச்ச புள்ளன்னா சும்மாவா?”

சத்துணவு அக்காவும் சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

அதுதான் இப்போதும் உறுத்தியது. அத்தை சொன்னதுகூட இல்லை. கூடச் சேர்ந்து சிரித்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியபோது தர்ணிகா மட்டும் பின்தங்கினாள். காலனிப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு. தன் பையைத் தானே தைத்தவள். மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

“அக்கா, எங்க வீட்டு அரிசி பெரிய பானையிலதான வேகும்?”

“ஆமாம்டா.”

தர்ணிகா மூலையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கேட்காமலிருக்க எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது.

அவள் நோட்டை மூடினாள். மஞ்சள் நூல் பை ஒன்றைப் பிரித்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள். பச்சை நூல் பை ஒன்றைப் பிரித்து வலது உள்ளங்கையில். இரண்டையும் விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

போன வாரம்தான் ரேஷன் கடையில் பொங்கல் பரிசு கொடுத்தார்கள். இரண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்றது. ஒரே மூட்டையிலிருந்து பச்சரிசி அளந்து போட்டார்கள். அத்தைக்கு முன்னால் தர்ணிகாவின் அம்மா. அத்தைக்குப் பின்னால் அவள். அப்போது யாருக்கும் இரண்டாவது மூட்டை தேவைப்படவில்லை.

அதே நொய். அதே பழுப்பு. அதே சாக்கு வாசனை.

இதில் எது மேலத்தெரு?

இரண்டு கைகளையும் சேர்த்தாள்.

வகுப்புவாரியாகக் கட்டியிருக்கலாம். பெயரின் முதல் எழுத்தை வைத்துக் கட்டியிருக்கலாம். கட்டாமலே விட்டிருக்கலாம். தெருவாரியாகக் கட்டச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அத்தைகூடச் சொல்லவில்லை. கை தானாகக் கட்டியது.

அத்தை மேல் கிளம்பிய கோபம் பாதி வழியில் திரும்பி அவள் விரல்களுக்கே வந்தது.

கத்தரிக்கோல் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் அதைத் தேடவில்லை. முடிச்சுகளைப் பல்லால் கடித்து இழுத்தாள். மஞ்சள். பச்சை. பச்சை. மஞ்சள். நூல் உதட்டை அறுத்தது. பிரித்த ஒவ்வொரு பையையும் பித்தளைப் பானையில் தலைகீழாக உதறினாள். தர்ணிகாவின் பையை அடையாளம் தெரிந்தது, கோணல் தையல். அதையும் உதறினாள். அதற்கு மேல் இரண்டு மேலத்தெருப் பைகள். கையை முழங்கை வரை விட்டுக் கிளறினாள்.

எல்லாம் சேர்ந்தும் பானையில் கால்வாசிகூட வரவில்லை.

ஒண்ணு பத்தாதாம்.

காலி பைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். எல்லாம் ஒரே சீருடைத் துணி. நூல்களைச் சுருட்டி வெளியே குப்பைக் குழியில் போட்டுவிட்டு வந்தாள்.

அத்தை விடிந்ததும் வந்து பார்ப்பார். நேராக அம்மாவிடம் போவார். இனியும் அத்தை வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் வர வேண்டும்.

செய்தது சரிதானா என்று கேட்டுக்கொள்வது அவள் வழக்கம். இன்று கேட்கவில்லை.

நோட்டைத் திறந்தாள்.

நாளை:
ஏழு மணிக்கு முன்பே வர வேண்டும். அரிசியை நானே களைய வேண்டும். சின்னப் பானையைத் தேய்த்துக் கழுவி, எல்லோருக்கும் அதில் குடிதண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.